நரம்பின் குற்றம்

தமிழில் ‘நரம்பு’ என்னும் சொல் யாழில் கட்டிய இழையைக் குறித்தது. அவ்விழையில் பிறக்கும் சுரத்தையும் குறித்தது. இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்கியதில் ஓர் உண்மை அடங்கியிருக்கக் காண்கிறோம். இழையில் உள்ள குறை இசையில் வெளிப்பட்டே தீரும் என்பதே அவ்வுண்மை.

சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவியின் யாழ் ஓவியம் எழுதிய துணியுறையினுள் காக்கப்பட்டிருக்கிறது. பத்தர், கோடு, ஆணி, நரம்பு ஆகிய நான்கிலும் குற்றமற்றது என்றே இளங்கோவடிகள் அதனை நமக்கு அறிமுகம் செய்கிறார். மாதவி அதனைத் தொழுது வாங்குகிறாள். பண்ணல், ஆராய்தல் முதலிய எண்வகையாலும் நரம்புகளைச் சோதித்த பின்னரே கோவலனிடம் நீட்டுகிறாள். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றங்களை நான்காக எண்ணினர் பழைய இசை நூலோர். திரித்த நரம்பில் பிசிர் ஒன்று நின்றாலும், புரி ஒரு சீராக அமையாவிடினும், ஒலி நடுங்கும் என்பதை அவர்கள் செவியால் அறிந்திருந்தனர்.

இவ்வளவு கருத்துடன் பேணப்பட்ட யாழ் ஒன்றேனும் இன்று நம் கையில் இல்லை. மரமும் தோலும் நரம்பும் மண்ணோடு மண்ணாயின. எஞ்சியவை நூல்களின் குறிப்புகளே. அவற்றைக் கொண்டுதான் ஈழத்து அறிஞர் விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து, 1947இல் தம் யாழ் நூலை வெளியிட்டார். பேணும் வழக்கம் அறுந்தபின் ஒரு கருவியை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

யாழின் இடத்தைப் பின்னாளில் வீணை பெற்றது. 24 மெட்டுகள் கொண்ட தஞ்சாவூர் வீணையில், வாசிப்பதற்குரிய தந்திகள் நான்கு. தாளத்திற்கும் சுருதிக்கும் உரியவை மூன்று. தந்தி உலோகமான பின்னர்க் குற்றங்களும் மாறின. வியர்வை துருவை விளைத்தது. மெட்டின் உராய்வு தந்தியில் தழும்பிட்டது.

தாழ்ந்த ஒலி தரும் தந்திகளுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. கனமான தந்தி மெதுவாக அதிரும். ஆனால் வெறுமனே பருத்த தந்தி விறைத்து நிற்கும். ஆகவே மெல்லிய நடு இழையின்மீது கம்பியை நெருக்கமாகச் சுற்றும் முறை, ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது. அமெரிக்காவில் லியோ பெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொணர்ந்த மின்சாரப் பேஸ் கிட்டாருக்கும் இத்தகைய சுற்றுத் தந்திகளே உயிர். சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் தூசியும் எண்ணெய்ப் பசையும் படியும்போது, தந்தியின் எடை ஓரிடத்தில் மிக்கும் ஓரிடத்தில் குறைந்தும் போகிறது. ஒலி மங்குகிறது, சுருதி பிசகுகிறது.

இதில் இடத்திற்கும் பங்கு உண்டு. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செரு, கடலுக்கு வெகு தொலைவில் தக்காண மேட்டு நிலத்தில் உள்ளது. அங்கே கோடையின் வறண்ட காற்றில் பளபளப்புக் கெடாத எஃகுத் தந்தி, சென்னையின் உப்புக் காற்றில் விரைவில் துருவேறிவிடும். எவ்விடத்தாயினும், வாசிக்குமுன் கை கழுவுதலும், வாசித்தபின் உலர்ந்த துணியால் தந்தியை மேலும் கீழும் துடைத்தலும், உறையிலிட்டு வைத்தலும் போதிய காப்பாகும். வீணை வாசிப்போர் விரல் எளிதில் ஓடுவதற்காகத் தந்தியில் சிறிது எண்ணெய் இடுவர். சுற்றில்லாத தந்திக்கு அது துருவையும் தடுக்கும். சுற்றுத் தந்திக்கோ அதுவே அழுக்கைச் சேர்க்கும். சிலர் பேஸ் தந்திகளைக் கழற்றி நீரில் கொதிக்கவைத்து அழுக்கைப் போக்குவர். ஒலி சில நாள் தெளியும். தேய்ந்த தந்தியை அதனாலும் மீட்க இயலாது; மாற்றுதலே தக்கது.

மாதவியின் துணியுறையும் இன்றைய இளைஞரின் துடைக்கும் துணியும் ஒரே தொழிலையே செய்கின்றன. நம் வீட்டில் வீணையோ வயலினோ கிட்டாரோ இருப்பின், அதன் நரம்பை இன்றே ஒருமுறை ஆராய்ந்து பார்ப்போமாக.