ஒரு பிடி அரிசி

போன சந்திப்பில் மாணவர் உதவிநிதிக்காக நண்பர் ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்தார். "வீட்டுக் கடன் முடியட்டும்டா, பெரிசா செய்றேன்" என்று சொல்லி நழுவிவிட்டேன். அந்த உறுத்தல் தீராமல் இருந்தபோதுதான் மிசோரம் பெண்களின் வரலாறு கண்ணில் பட்டது.

மிசோரத்துக்கு அந்நாளில் லுஷாய் மலை என்று பெயர். 1894-ல் லொரெய்ன், சேவிட்ஜ் என்ற இரு மிஷனரிகள் அங்கே வந்து, மிசோ மொழிக்கு எழுத்து வடிவம் தந்தார்கள். சபைகள் வளர்ந்தன. ஆனால் சபை நடத்தப் பணம்? மலைச் சாகுபடியை நம்பிய ஏழை ஜனங்கள். பெண்கள் கையில் காசே கிடையாது. அவர்கள் கையில் இருந்தது அரிசிப் பானை ஒன்றுதான்.

1910 வாக்கில் அந்தப் பானையிலிருந்தே வழி பிறந்தது. சமைக்க அரிசி அளந்ததும், உலையில் போடுவதற்கு முன்பே, ஒரு பிடி எடுத்துக் கடவுளுக்கென்று தனியாக வைத்தார்கள். சபைப் பெண்கள் அதை வீடு வீடாகச் சேகரித்து, விற்று, ஊழியத்துக்குக் கொடுத்தார்கள். இதற்கு 'புஹ்ஃபாய் தாம்' என்று பெயர். பிடி அரிசி என்றுதான் அர்த்தம்.

அடுத்த வருஷமே சோதனை. 1911-12-ல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பயிரைத் தின்று பெரும் பஞ்சம். 1959-லும் அதே பஞ்சம். இத்தனையும் தாண்டி அந்த வழக்கம் இன்றும் நிற்கிறது. இன்று அந்தக் காணிக்கை வருஷத்துக்குப் பல கோடி ரூபாய்!

என்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு பிடி 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வேளைக்கு 80 கிராம். வருஷத்துக்கு 29 கிலோ. நூறு வீடு உள்ள ஊரில் கிட்டத்தட்ட 3 டன்! ஒரு வேளைக்குக் குறைவது ஒரு பிடிதான்.

ஆனால் விஷயம் கணக்கில் இல்லை. 'உலையில் போடுவதற்கு முன்' என்பதில்தான் இருக்கிறது. சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பது என்றால், மிஞ்சப் போவதே இல்லை. இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு பாராட்டியதும் இதனால்தான். மற்றவர்கள் மிச்சத்திலிருந்து போட்டார்கள். அவளோ பிழைப்புக்கு இருந்ததையே போட்டாள்.

பிடி அரிசி நமக்கும் புதிதல்ல. காஞ்சிப் பெரியவரும் இதை வலியுறுத்தியவர்தான். நாம்தான் மறந்துவிட்டோம்.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது என் மெஸ் பாக்கியை யாரோ கட்டினார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. அவருக்கும் அன்று வீட்டுக் கடன் இருந்திருக்கலாம். அது முடியட்டும் என்று அவர் காத்திருந்தால் நான் பரீட்சை எழுதியிருக்க மாட்டேன்.

நண்பரே, இந்த முறை நோட்டோடு என்னிடமே முதலில் வாருங்கள். பெரிசாக ஒன்றும் இல்லை. மாதாமாதம் சம்பளம் வந்ததும், முதல் செலவாக ஒரு பிடி.