பழைய லாரி ஸ்டீயரிங் ஏன் முனகுது? ஒரு ஆணியோட 200 வருசக் கதை

மாட்டு வண்டிக்கு ரெண்டே சக்கரம். மாடு திரும்பினா வண்டியும் திரும்பிடும். நாலு சக்கரம்னு வந்தா அது நடக்காது. அந்தக் காலத்து ஐரோப்பாவுல குதிரை வண்டியோட முன் இருசு முழுசும் நடுவுல ஒரே ஆணியில சுத்தும். வேகமா ஒடிச்சுத் திருப்பினா வண்டி கவுந்துடும்.

இதுக்கு வழி கண்டவர் ஜெர்மனியில மூனிக் நகரத்து வண்டி செய்யுற லாங்கென்ஸ்பெர்கர். இருசு அசையாம நிக்கட்டும், ரெண்டு முனையிலயும் தனித்தனி ஆணி வச்சு சக்கரம் மட்டும் திரும்பட்டும்னார். அவருக்காக 1818-ல லண்டன்ல காப்புரிமை வாங்கினவர் அக்கர்மன். இன்னைக்கு உலகம் முழுக்க அதுக்கு அக்கர்மன் ஸ்டீயரிங்னுதான் பேரு. உழைச்சவர் ஒருத்தர், பேரு இன்னொருத்தருக்கு!

1893-ல கார்ல் பென்ஸ் இதே முறையைத் தன் மோட்டார் வண்டியில வச்சார். நம்ம நாட்டுல 1950-கள்ல எண்ணூர்லயும் ஜாம்ஷெட்பூர்லயும் லாரி செய்ய ஆரம்பிச்சப்போ, அந்த ஆணியும் கூடவே வந்துடுச்சு. மெக்கானிக்குங்க அதைத்தான் கிங் பின்னுன்னு சொல்றாங்க.

போன கரும்பு வெட்டுக்கு எங்க காட்டுக்கு வந்த பழைய லாரி, திரும்புறப்பல்லாம் "கிர்ர்"னு முனகிச்சு. பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைஞ்சிருக்கும்னு நீங்க நினைப்பீங்க. அந்த லாரியில பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. மெக்கானிக் அண்ணன் வந்து முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினார். ஆடுச்சு. "தம்பி, பிரேக்கை மிதி"ன்னு டிரைவர்கிட்ட சொல்லிட்டு மறுபடி ஆட்டினார். பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங் தேய்மானம். அப்பவும் ஆடினா கிங் பின், புஷ் தேய்மானம். பக்கவாட்டுல மட்டும் ஆடி "டக் டக்"குன்னா டை ராடு எண்டைப் பார்க்கணும். இந்த லாரியில பிரேக் மிதிச்சப்புறமும் கொஞ்சம் ஆடுச்சு.

பாரத்தை இறக்காம கிரீஸ் அடிச்சா அழுத்துற இடத்துக்குள்ள அது போகாது. அதனால சக்கரம் தொங்குறப்பவே அடிச்சார். முனகல் நின்னுச்சு. ஆனாலும், "சத்தம் போயிடுச்சுன்னு ஓட்டிடாதப்பா, ஆட்டம் போகலை. புஷ் மாத்திட்டு லோடு ஏத்து"ன்னார். வெட்டின கரும்பு காய்ஞ்சா எடை குறையும், எங்களுக்கு நட்டம்தான். ஆனா அந்த ஆணி கைவிட்டா, லோடு வண்டி ரோட்டோரம் நடக்குற பிள்ளைங்க மேல போகும்.

எங்க தாத்தா காலத்துல வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில குழைச்சு வண்டி மை செய்வாங்க. இருசு கத்தினா மை போடுவாங்க, துளை தேய்ஞ்சிருந்தா ஆசாரியைக் கூப்பிடுவாங்க. மை வேற, மராமத்து வேறங்கிறது அவங்களுக்குத் தெரியும். இப்ப நிறைய வண்டியில மூட்டெல்லாம் மூடியே வருது, கிரீஸ் அடிக்கிற வேலை இல்லை. அதுவும் தேயத்தான் செய்யும். ஸ்டீயரிங்ல சத்தம் கேட்டா ரேடியோவைக் கூட்டி வைக்காதீங்க, வண்டியை நிறுத்திப் பாருங்க.