தமிழகச் சமையல் பாத்திரங்களும் உலோக வினைகளும்

அமிலம், நீர், காரம் ஆகியவற்றுடன் உலோகங்கள் வினைபுரியும் தன்மை, தமிழகச் சமையல் பாத்திரங்களின் வரலாற்றில் முக்கிய இடம் பெறுகிறது. பித்தளையிலிருந்து அலுமினியத்திற்கும், பின்னர் எவர்சில்வருக்கும் சமையலறை மாறியதற்கு விலை, எடை ஆகியவற்றோடு இத்தன்மையும் ஒரு காரணமாகும்.

செம்பும் பித்தளையும்

வினைத்திறன் வரிசையில் செம்பு ஹைட்ரஜனுக்குக் கீழே உள்ளது. எனவே அது நீருடன் வினைபுரிவதில்லை. நீர்த்த அமிலத்திலிருந்து ஹைட்ரஜனையும் வெளியேற்றுவதில்லை. ஆயினும் காற்றிலுள்ள ஆக்சிஜன் துணைசேரும்போது, புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் மோரிலுள்ள லாக்டிக் அமிலமும் செம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. இதனால் உண்டாகும் செம்பு உப்புகள் உணவில் கலந்தால் குமட்டலும் வாந்தியும் ஏற்படும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைக்கும் இது பொருந்தும்.

இதைத் தடுக்கவே பாத்திரங்களின் உட்புறம் ஈயம் பூசப்பட்டது. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி மேற்பரப்பைச் சுத்தம் செய்து, 232 பாகை செல்சியசில் உருகும் வெள்ளீயத்தைப் பரப்பித் தேய்ப்பர். பேச்சு வழக்கில் ஈயம் எனப்பட்டாலும் பூச வேண்டியது வெள்ளீயமே. அதில் காரீயம் கலந்திருந்தால் பாதுகாப்புக்காகச் செய்த பூச்சே நஞ்சாகிவிடும். பூச்சு தேயும்போதெல்லாம் மீண்டும் பூச வேண்டியிருந்தது.

அலுமினியத்தின் வருகை

1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூல்ட்டும் தனித்தனியே மின்னாற்பகுப்பு முறையைக் கண்டறிந்தபின் அலுமினியத்தின் விலை வெகுவாகக் குறைந்தது. 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன், சென்னைக் கலைப்பள்ளியில் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) அலுமினியப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கினார். 1903-இல் இம்முயற்சி இந்திய அலுமினியக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. எடை குறைந்த இப்பாத்திரத்திற்கு ஈயப்பூச்சு தேவைப்படவில்லை.

அலுமினியம் வினைத்திறன் மிக்கது. அதன்மீது படியும் மெல்லிய ஆக்சைடு படலமே அதைக் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் காக்கிறது. ஆனால் அந்த ஆக்சைடு ஈரியல்பு உடையது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். எனவே புளிக்குழம்பு மட்டுமன்றி, துலக்கப் பயன்படும் சலவைச் சோடாவும் சாம்பலும்கூட அதை அரிக்கும். படலம் நீங்கியதும் உலோகம் காரத்துடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடுகிறது. ஊறுகாய் தொடர்ந்து பீங்கான் ஜாடியில் வைக்கப்பட்டதற்கு அதிலுள்ள புளிப்பும் உப்பும் காரணங்களாகும்.

எவர்சில்வர்

1913-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். குரோமியம் ஆக்சைடு படலம் சமையலறையின் புளிப்பையும் சோடாவையும் தாங்கும். கீறல் விழுந்தாலும் காற்றுப்பட்டு மீண்டும் உருவாகும். 1981-இல் சேலம் உருக்காலை இவ்வகை எஃகுத் தகடுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. எவர்சில்வர் பரவியபின், தெருத்தெருவாக வந்து ஈயம் பூசிய தொழிலாளரின் பிழைப்பு நலிந்தது.