புதுச்சேரி நகர மறுகட்டுமானம்

புதுச்சேரியின் பழைய நகரப் பகுதி 1761இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியால் திட்டமிட்டு இடிக்கப்பட்டது. 1765 முதல் பிரெஞ்சுக்காரர் அதே தெருக்கோடுகளின் மேல் அதை மீண்டும் எழுப்பினர். பழமை என்று இன்று அங்கே காட்டப்படும் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாம் பிறப்புக்கும் அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளுக்கும் உரியவை. ஆளுநர் துய்ப்ளே கண்ட நகரத்தில் எஞ்சியது பெரும்பாலும் தெருக்களின் அமைப்பே. போரால் அழிந்த நகரங்களை எப்படி மீட்பது என்ற கேள்வி 1945க்குப் பின் ஜெர்மனியில் பெரிதாகப் பேசப்பட்டது. தமிழ்க் கடற்கரையில் அதே கேள்வி 180 ஆண்டுகள் முன்னதாகவே எழுந்துவிட்டது.

தொடக்கமும் தெருக்கட்டமும்

பிரெஞ்சுக் கம்பெனிக்காக பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே குடியேற்றத்தை நிறுவினார். 1693இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் 1699 வரை வைத்திருந்தனர். நேர்கோட்டுத் தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கட்டம் அவர்கள் 1694இல் வரைந்த வரைபடங்களில் காணப்படுகிறது. ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் அந்த அமைப்பையே தொடர்ந்தனர். ஆகவே பிரெஞ்சு நகர அமைப்பு என்று பரவலாகப் புகழப்படுவதில் டச்சுக்காரரின் பங்கு கணிசமானது. எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒருமிக்கவில்லை. கடலோரத்தில் லூயி கோட்டை என்ற ஐங்கோணக் கோட்டை 1706இல் எழுந்தது. பின்னர் நகரம் முழுவதையும் முட்டை வடிவில் ஒரு மதில் வளைத்தது.

1748இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். அந்த முற்றுகையின்போது, செப்டம்பர் மாதம், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் பகைவர் அல்லர். நகரை ஆண்ட பிரெஞ்சுக்காரரே. துய்ப்ளேயின் துபாசி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்த நாளைத் தாங்க முடியாத வருத்தத்துடன் எழுதி வைத்திருக்கிறார். கோயிலை அடுத்திருந்த யேசு சபையாரின் தேவாலயம் பன்னிரண்டே ஆண்டுகளில் தானும் இடிபாடாயிற்று. வேதபுரீசுவரர் கோயில் பிற்காலத்தில் வேறோர் இடத்தில் மீண்டும் எழுந்தது.

1761: இடிப்பு

ஆங்கிலேயரின் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாலி அதைத் தகர்த்தார். அதற்கான பழி மூன்றாண்டுக்குள் வந்து சேர்ந்தது. ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் நெடிய முற்றுகையில் பட்டினி கிடந்த புதுச்சேரி 1761 சனவரி நடுவில் பணிந்தது. கைப்பற்றிய நகரம் மன்னருக்கா கம்பெனிக்கா என்று படைத்தலைவர்களுக்கும் சென்னை ஆளுநர் ஜார்ஜ் பிகட்டுக்கும் வழக்கு மூண்டது. நகரைக் கம்பெனியிடம் விடாவிட்டால் படைக்குப் பணம் தர முடியாது என்று நின்று பிகட் வென்றார். பின்னர் இடிப்பு தொடங்கியது. கோட்டையும் மதிலும் தகர்க்கப்பட்டன. துய்ப்ளே பெருஞ்செலவில் கட்டிய ஆளுநர் மாளிகையும் தேவாலயங்களும் ஐரோப்பியர் வீடுகளும் தரைமட்டமாயின. இருபத்தைந்து ஆண்டுகள் ஊரின் அன்றாடத்தை எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு அதே சனவரியில் காலமானார். நகரத்தின் இறுதியைத் தமிழில் எழுதியிருக்கக்கூடிய கை அதற்குச் சற்று முன்பே ஓய்ந்துவிட்டது.

நகரத்தை வெள்ளையர் பகுதி, தமிழர் பகுதி என இரண்டாகப் பிரித்த வாய்க்காலுக்கு மேற்கே இருந்த தமிழர் பகுதி எவ்வளவு அழிந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முழுவதும் அழிந்தது என்பது ஒரு சாரார் கூற்று. வெள்ளையர் பகுதியே முதன்மை இலக்கு, தமிழர் வீடுகள் பல தப்பின என்பது மறுசாரார் கூற்று. 1738இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இந்த வழக்கில் முக்கியச் சாட்சி. மரத்தூண்கள் சூழ்ந்த முற்றமும், மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணித் தூண் வரிசையும் கொண்ட அந்த வீடு இடிப்புக்குத் தப்பியது என்பதே ஊர் வழக்கு. பின்னால் எந்த அளவுக்குத் திருத்திக் கட்டப்பட்டது என்பது தனிக் கேள்வி. மணக்குள விநாயகர் கோயிலும் தப்பியவற்றில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

தூண்களின் பயணம் இங்கே குறிப்பிடத்தக்கது. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கடல் வாயிலிலிருந்து உள்ளே செல்லும் வழியில் 1732இல் நிறுத்தப்பட்ட பல்லாவரத்துக் கருங்கல் தூண்களை, 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தனர். அவை 32 என்பர். புதுச்சேரி விழுந்தபின் ஆங்கிலேயர் அவற்றை மீட்டுச் சென்றனர். அவற்றில் பல இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றக் கட்டடத்தின் முன் நிற்கின்றன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்கள் வேறு. அவை செஞ்சியிலிருந்து வந்தவை என்பது வழிவழிச் செய்தி. ஒரு நகரத்தின் கல் மற்றொரு நகரத்தின் வெற்றிச் சின்னமாவது அந்தப் போர்களில் வழக்கமாகவே இருந்தது.

1765–1778: மீண்டும் எழுந்த நகரம்

1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது. 1765 ஏப்ரலில் ஆளுநர் ழான் லா த லோரிஸ்தோன் ஏற்றுக்கொண்டது கற்குவியலை. புதிய நகரத்தைப் புதிய வரைபடத்தில் போடுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்காது. அவரும் பொறியாளர் பூர்சேயும் அதைச் செய்யவில்லை. பழைய தெருக்களையே மீண்டும் குறித்து, பழைய கடைகால்களின் மேலேயே வீடுகளை எழுப்பினர். ஐந்தே மாதங்களில் ஐரோப்பியர் வீடுகள் 200, தமிழர் வீடுகள் 2000 எழுந்தன என்று கூறப்படுகிறது. தமிழர் வீடுகளில் பல கீற்றுக் கூரை வேய்ந்தவையாக இருந்தால்தான் அந்த எண்ணிக்கை பொருந்தும். ஆயினும் வேகம் வியப்புக்குரியதே.

இந்த வேகத்துக்குக் காரணம் தேடத் தொலைவு போக வேண்டியதில்லை. கடைகாலும் கிணறும் மனை எல்லையும் மண்ணுக்குள் அப்படியே இருந்தன. இடிந்த செங்கல்லே புதுச் சுவருக்குப் பயன்பட்டது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பும் ஆற்று மணலும் பக்கத்திலேயே கிடைத்தன. சுண்ணாம்புக் காரையை அரைத்து, சுவரில் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலையில் இப்பகுதிக் கொத்தனார்கள் தேர்ந்தவர்கள். மரவிட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு இறுக்கும் மெட்ராஸ் டெரஸ் தளம் இரு பகுதி வீடுகளுக்கும் பொதுவாயிற்று. வரைபடம் பிரெஞ்சுக்காரருடையது, கட்டிய கையும் கட்டுமானப் பொருளும் இந்த மண்ணுடையவை. புதுச்சேரிக் கட்டடக்கலையை வெறும் பிரெஞ்சுக் கொடையாக எழுதும் நூல்கள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை.

நகரம் பாதி எழுந்தும் எழாமலும் இருந்த அந்நாட்களைக் கண்ட ஒரு சாட்சி வானியலாளர் லெ ஜாந்தி. சூரியனைச் சுக்கிரன் கடக்கும் நிகழ்வை 1761 சூனில் புதுச்சேரியிலிருந்து அளக்கப் புறப்பட்டவருக்கு, ஊர் ஆங்கிலேயர் வசம் போனதால் கரையிறங்க முடியாமல் கப்பலிலிருந்தே பார்க்க நேர்ந்தது. அடுத்த கடப்புக்காகக் காத்திருந்து 1768இல் வந்தார். தகர்ந்த கோட்டையின் இடிபாட்டு மேட்டிலேயே ஆளுநர் லா அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்டித் தந்தார். 1769 சூனில் குறித்த வேளையில் மேகம் சூழ்ந்து சூரியனை மறைத்தது. அவர் தேடிவந்த அளவு கிடைக்கவில்லை. ஆனால் ஊரைப் பற்றியும் இங்கு அவர் கற்ற தமிழர் வானியல் கணக்கைப் பற்றியும் எழுதிவைத்த நூல், அந்தப் பத்தாண்டுக்கு நமக்குக் கிடைத்த நல்ல பதிவுகளில் ஒன்றாயிற்று.

ஆளுநருக்குப் புதிய மாளிகை எழுந்தது; இன்றைய ராஜ்நிவாஸின் தொடக்கம் அதுவே. சம்பா கோயில் என மக்கள் வழங்கும் மிஷன் வீதித் தேவாலயம், அழிந்த யேசு சபைத் தேவாலயத்தின் இடத்தில் மெல்ல வளர்ந்து 1791இல் நிறைவுற்றது.

1778–1816

1778 அக்டோபரில் ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோவிடம் நகரம் மீண்டும் வீழ்ந்தது, புதிய மதில்கள் அடுத்த ஆண்டு தகர்க்கப்பட்டன. அதன்பின் பலமுறை கைமாறி, 1816இல் நிலையாகப் பிரெஞ்சு ஆட்சிக்குத் திரும்பியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு

அரண் கட்டும் உரிமை இனி இல்லை என்றானபின் மதில் நின்ற கோடு அகன்ற சாலையாயிற்று. இன்றைய அண்ணா சாலை, சுப்பையா சாலை, சர்தார் வல்லபாய் படேல் சாலை ஆகியவை கடற்கரைச் சாலையுடன் சேர்ந்து காட்டும் முட்டை வடிவம் அந்த மதிலின் தடமே. கோட்டை இருந்த இடம் திறந்த வெளியாகி, மூன்றாம் நெப்போலியன் காலத்து ஆயி மண்டபத்தைத் தாங்கி, இன்று பாரதி பூங்காவாக உள்ளது. கலங்கரை விளக்கம் 1836இல் ஏற்றப்பட்டது. கப்ஸ் கோயில் என வழங்கும் தேவாலயம் 1855இல் நிறைவுற்றது. கடற்கரையில் மேரி என்னும் நகராட்சி மன்றக் கட்டடம் 1870–71இல் எழுந்தது.

தமிழர் பகுதியின் வீட்டு வடிவம் முதிர்ந்ததும் இந்த நூற்றாண்டில்தான். தெருவை ஒட்டி மரத்தூண் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதற்கு உட்புறம் திண்ணை, செதுக்கிய கதவு, முற்றம் என்று கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு. மேல்தளத்தில் வளைவுச் சன்னல்கள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவர். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒவ்வொரு வீடும் தாழ்வாரம் விட்டதால் தெரு முழுவதும் தொடர்ந்த நிழல் இருந்தது. தனியார் வீடுகள் சேர்ந்து பொதுமக்களுக்குத் தந்த அந்த நிழலைப் பிற்கால நகர விதிகள் எவையும் தந்ததில்லை.

கோல்கொந்தா: நவீனத்தின் வருகை

பழைய தெருக்கட்டத்துக்குள் நவீனக் கட்டடக்கலை நுழைந்தது ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமனை வழியாக. ஹைதராபாத் நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் வந்த நன்கொடையை நினைந்து கோல்கொந்தா என்று பெயரிடப்பட்டது. வடிவமைத்தவர் தோக்கியோவில் பணியாற்றிய செக் நாட்டவர் அன்டனின் ரேமண்ட். லெ கொர்புசியேயிடம் பணிசெய்த பிரான்டிஷெக் சாமரும், பின்னாளில் மரச்சாமான் கலைஞராக உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும் உடனிருந்து கட்டினர். 1937இல் தொடங்கிய வேலை, போர்க்காலத் தட்டுப்பாட்டினால் 1940களிலும் நீண்டது.

பூச்சற்ற கான்கிரீட் சட்டகம். வடக்கு, தெற்கு முகங்கள் முழுவதும் சாய்த்துத் திருப்பக்கூடிய கிடைப் பலகைகள். சன்னல் கண்ணாடி இல்லை. அறைக்கும் நடைக்கும் இடையே தேக்குச் சட்டக் கதவுகள் பக்கவாட்டில் நகர்கின்றன. கூரை இரட்டை அடுக்கு. வெயிலும் சாரலும் உள்ளே வராமல் காற்று மட்டும் அறையை ஊடுருவிப் போகும். உட்சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சலே சேர்ந்தது. லாவின் கொத்தனார்கள் அறிந்த அதே கடற்கரைப் பொருள். இந்தியாவின் முதல் நவீனக் கட்டடம் என்று இதைக் கூறுவோர் உண்டு. கான்கிரீட் கட்டடங்கள் நாட்டில் முன்பே இருந்தமையால் அந்தப் பட்டத்தை உறுதியாகச் சூட்ட இயலாது. வெப்ப நாட்டுக்கென்று முழுமையாகச் சிந்தித்த முதற்சில நவீனக் கட்டடங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. பழைய வீதியில் இருந்துகொண்டே, பழைய வீட்டைப் போல் நடிக்காமல், அண்டை வீடுகளின் உயரத்தையும் தெருக்கோட்டையும் மதித்து நிற்பது அதன் தனிச்சிறப்பு.

ஒப்பீடு

1945க்குப் பின் ஜெர்மனியில் ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு வழியை எடுத்தது. மியூனிக் நகரின் பழைய ஓவியக்கூடத்தில் ஹான்ஸ் டோல்காஸ்ட், குண்டு பெயர்த்த பகுதியை அலங்காரமற்ற செங்கல்லால் நிரப்பிக் காயத்தைத் தெரியவிட்டார். டிரெஸ்டன் அன்னை ஆலயம் அறுபது ஆண்டுகள் கழித்து 2005இல் பழைய உருவிலேயே மீண்டது. பிராங்க்பர்ட், 1970களின் கான்கிரீட் அலுவலகத்தை இடித்துவிட்டு அங்கே 2018இல் ஒரு பழைய ஊரைப் புதிதாகத் திறந்தது. புதுச்சேரியில் காயத்தைக் காயமாகவே விட்டுவைத்த கட்டடம் எதுவும் போற்றப்படவில்லை. இடிபாடு அங்கே எப்போதும் அடுத்த வீட்டுக்குச் செங்கல்லாகவே ஆனது.

அண்மைக் காலம்

1954இல் இந்தியாவுடன் இணைந்தபின், குறிப்பாக 1970களிலிருந்து, மனை மதிப்பு ஏற ஏறத் தமிழர் பகுதி வீடுகள் பல அடுக்குக் கட்டடங்களுக்கு வழிவிட்டன. வெள்ளையர் பகுதியைச் சுற்றுலா காத்தது. வாய்க்காலுக்கு மேற்கே அந்தக் காப்பு இல்லை. 1984 முதல் இங்கு இயங்கும் இன்டாக் அமைப்பு மரபுக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில் 2002–2004இல் வைசியாள் வீதியின் தாழ்வாரங்களும் முகப்புகளும் சீரமைக்கப்பட்டன. அதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது. போர் எதுவுமின்றி, பராமரிப்புக் குறைவால் நேர்ந்த இழப்பு அது. உலக வங்கி நிதியுதவியுடன் அதே இடத்தில் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. இது மரபா, போலி உருவா என்ற விவாதம் எழுந்ததுண்டு. பழைய கடைகாலின் மேல் பழைய வடிவை எழுப்புவது இந்த நகரத்தில் 1765இலேயே தொடங்கிய வழக்கம் என்பதையும் அந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காரைக்கால்

புதுச்சேரியுடன் பிரெஞ்சு ஆட்சியைப் பகிர்ந்த இன்னொரு ஊர் காரைக்கால். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான அது, புதுச்சேரிக்கு ஒன்பது மாதங்கள் முன்னதாக, 1760 ஏப்ரலில் வீழ்ந்தது. 1765இல் திரும்பி, மேலும் பலமுறை கைமாறி, 1817இல் நிலைபெற்றது. இங்கே கோட்டை நகரம் என்று சொல்லத்தக்க அளவு பெருகியதில்லை. சம்பந்தர் பாடிய தருமபுரம் யாழ்மூரிநாதர் கோயில் போன்ற தலங்களைச் சுற்றிய பழைய ஊர்களே வாழ்க்கையின் மையமாக இருந்தன. ஆகவே மறுகட்டுமானத்தின் கதை இப்பகுதியில் கடலோரத்தைச் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் மாவட்டத்தின் மீனவர் ஊர்களுக்கு, கரையிலிருந்து தள்ளிக் கான்கிரீட் வீட்டு வரிசைகள் கட்டித் தரப்பட்டன. வலை காயவும் படகைக் கண்பார்வையில் வைக்கவும் கடலருகே இருந்தாக வேண்டிய தொழிலுக்கும், பாதுகாப்புக்காகத் தள்ளிப் போடப்பட்ட மனைக்கும் இடையே உள்ள இழுபறி அந்தக் குடியிருப்புகளில் தொடர்கிறது.