வால்வு வானொலியின் மின்வழங்கி

வீட்டு மின்சாரத்தை வால்வுகளுக்கு வேண்டிய மின்னழுத்தங்களாக மாற்றித் தரும் பகுதியே மின்வழங்கி. மின்மாற்றியும் அலைதிருத்தியும் அதன் முதன்மை உறுப்புகள். ஒன்றின் அளவு மற்றொன்றைக் கட்டுப்படுத்துவதால், இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பின்னணி: அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. மின்சாரம் எட்டிய ஊர்களில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் இயங்கும் வால்வு செட்டுகள் பரவின. மின்கம்பி போகாத ஊர்களில் பேட்டரி செட்டுகள் ஒலித்தன, 1.4 வோல்ட் ஃபிலமென்ட்டும் 90 வோல்ட் பேட்டரியும் கொண்ட அவற்றுக்கு மின்மாற்றி தேவைப்படவில்லை.

மின்மாற்றி: முதலில் சுமையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஈசிஹெச்81, ஈபிஎஃப்89, ஈபிசி81, ஈஎல்84, ஈஇசட்80 ஆகிய ஐந்து வால்வுகள் கொண்ட செட்டில் ஃபிலமென்ட்டுகள் 6.3 வோல்ட்டில் ஏறத்தாழ 2.2 ஆம்பியர் எடுக்கும். டயல் விளக்கையும் சேர்த்தால் 3 ஆம்பியர் சுருள் பொருந்தும். உயர் மின்னழுத்தப் பக்கத்தில் ஈஎல்84 மட்டுமே 50 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 60 ஹெர்ட்ஸுக்கென்றே கட்டிய அமெரிக்க மின்மாற்றியை 50 ஹெர்ட்ஸில் இணைத்தால் உள்ளகம் செறிவடைந்து சூடேறலாம்.

அலைதிருத்தி: ஈஇசட்80 வால்வு 90 மில்லிஆம்பியரும் ஈஇசட்81 150 மில்லிஆம்பியரும் தரவல்லவை; இரண்டும் 6.3 வோல்ட் சுருளையே பகிர்ந்துகொள்ளும். 5ஒய்3, ஜிஇசட்34 ஆகியவற்றுக்கு 5 வோல்ட்டில் தனிச்சுருள் வேண்டும். ஈஇசட்80ஐ அடுத்துவரும் முதல் மின்தேக்கி 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது; தாண்டினால் மின்னோட்டத் துடிப்பு வால்வைக் கெடுக்கும்.

சிலிக்கான் டையோடு: 300-0-300 வோல்ட் சுருளில் டையோடு தாங்க வேண்டிய எதிர் மின்னழுத்தம் ஏறத்தாழ 850 வோல்ட். நீண்ட மின்கம்பிகளின் கடைசியில் உள்ள ஊர்களில் வோல்டேஜ் ஏறி இறங்கலாம் என்பதையும் கணக்கில் கொண்டால், 1000 வோல்ட் தாங்கும் 1என்4007க்கு எஞ்சும் இடைவெளி குறைவு; பக்கத்துக்கு இரண்டைத் தொடராக இணைப்பது நல்லது. வால்வு அலைதிருத்தியை எடுத்துவிட்டு டையோடு போட்டால், உயர் மின்னழுத்தம் மற்ற வால்வுகள் சூடேறும் முன்பே முழு அளவில் வந்துவிடும். 300 வோல்ட் சுருளில் அது சுமையின்றி 424 வோல்ட்டை எட்டும் என்பதால் மின்தேக்கிகள் குறைந்தது 450 வோல்ட் தாங்க வேண்டும்.

பாதுகாப்பு: மின்மாற்றி இல்லாத ஏசி-டிசி செட்டுகளில் சேஸிஸிலேயே மின்சாரம் இருக்கக்கூடும். எந்த செட்டிலும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கும். தகுந்த மின்தடை வழியாக அதை இறக்கி, மீட்டரில் அளந்து உறுதிசெய்த பின்பே உள்ளே கை வைக்க வேண்டும்.