வென்றும் கீழ்ப்படியில்: இந்திய உதைபந்தாட்டத்தில் 2018–19ஆம் ஆண்டுப் பருவம்

உதைபந்தாட்ட லீக் என்பது படிக்கட்டு வடிவில் அமைந்த ஒரு நிறுவனமாகும். 1888இல் தொடங்கிய இங்கிலாந்து லீக் 1892இல் இரு பிரிவுகளாக விரிந்த காலந்தொட்டு, மேற்பிரிவுக்கு ஏறுவதும் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதும் ஆட்டத்தின் பேறாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் படிப்படியாக உலகெங்கும் வேரூன்றியது. மொஸ்கோவிலிருந்து புகைவண்டிப் பாதையில் ஒன்பதாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், பசிபிக் கரையிலுள்ள துறைமுக நகர் விளாடிவொஸ்தொக். அந்நகரின் லூச் கழகம் 2005இல் ருஷ்யாவின் இரண்டாம் நிலை லீக்கில் முதலிடம் பெற்றது. 2006இல் தலைநகரின் பெருங் கழகங்களுடன் முதல் நிலையில் ஆடியது. தொலைவும் வறுமையும் தடைகளாயினும் கதவு திறந்தே இருந்தது. இந்தியாவில் 2018–19ஆம் ஆண்டுப் பருவத்தை அடுத்து நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. அங்கு வென்ற அணி மேலேறவில்லை; அது வென்ற லீக்கே ஒரு படி கீழிறக்கப்பட்டது.

அப்பருவத்தின் வெற்றியாளரான சென்னை சிற்றி கழகம் கோயம்புத்தூரைத் தாயகமாகக் கொண்டு ஆடியது. ஹல்துமுல்லை முதலிய ஊவாத் தோட்டப் பகுதியினருக்குக் கோயம்புத்தூர் முற்றிலும் அந்நியமானதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பெற்ற மலையகத் தொழிலாளருட் பலர் நீலகிரியிலும், கோயம்புத்தூர் மாவட்டத்து வால்பாறையிலும் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்ந்தனர். எனவே, அந்நகரின் ஆடுகளத்தில் நிகழ்ந்த இவ்வரலாறு மலையக வாசகரின் கவனத்திற்கும் உரியது.

இந்தியாவின் தேசிய லீக் 1996இல் தொடங்கி, 2007இல் ஐ-லீக் எனப் புத்துருப் பெற்றது. 2010இல் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் ஒரு வர்த்தகக் கூட்டு நிறுவனத்துடன் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் விளைவாக 2014இல் இந்தியன் சுப்பர் லீக் தோன்றியது. இதில் ஓர் அணி இடம்பெறுவதற்கு ஆட்டத்திறன் அன்றி உரிமைக் கட்டணமே வழியாயிற்று. ஐந்தாண்டுகள் இரு லீக்குகளும் அருகருகே நடைபெற்றன. எனினும் முதல் நிலை என்னும் தகுதி ஐ-லீக்கிடமே இருந்தது.

1946இல் தோன்றிய சென்னை சிற்றி, 2017–18ஆம் பருவத்திற் பத்து அணிகளுள் எட்டாம் இடத்தையே பெற்றது. அடுத்த பருவத்திற் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில் அணி புதுவலுப் பெற்றது. ஸ்பானிய ஆட்டக்காரர் சிலர் முன்னணியிலும் நடுக்களத்திலும் நின்றனர். எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற தமிழக ஆட்டக்காரர் அவர்களுக்கு இணையாக ஆடினர். பெட்ரோ மன்சி 21 கோல்களை அடித்தார். சுவிற்சர்லாந்தின் பாசல் கழகம் சென்னை சிற்றியின் 26 சதவீதப் பங்கை வாங்கியமையும் இக்காலத்திலேயே நிகழ்ந்தது.

2019 மார்ச் 9ஆந் திகதி இறுதிச் சுற்று. சென்னை சிற்றி 40 புள்ளிகளுடனும், கல்கத்தாவின் கிழக்கு வங்காளக் கழகம் 39 புள்ளிகளுடனும் நின்றன. கோயம்புத்தூரில் முந்திய ஆண்டின் சம்பியனான மினர்வா பஞ்சாப் ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு கோலை அடித்தது. இடைவேளையின்போது தாயக அணி பின்தங்கியிருந்தது. பின்னர் மன்சி தண்ட உதையினாற் கணக்கைச் சமன்செய்தார். பின்களத்தவரான கௌரவ் போரா இரு கோல்களை அடிக்க, ஆட்டம் 3–1 என முடிந்தது. அதே வேளை கோழிக்கோட்டிற் கிழக்கு வங்காளமும் 2–1 என வென்றது. 43க்கு 42 என்னும் ஒரே புள்ளி வேறுபாட்டிற் கிண்ணம் தமிழகத்துக்கு வந்தது.

இவ்வெற்றியின் மதிப்பை அளத்தற்கு அடுத்த மாதமே வாய்ப்புக் கிட்டியது. இரு லீக்குகளின் அணிகளும் சந்தித்த சுப்பர் கிண்ணப் போட்டியின் காலிறுதியில், அவ்வாண்டின் சுப்பர் லீக் சம்பியனான பெங்களூரு அணியைச் சென்னை சிற்றி 2–1 என வென்றது. ஒரே ஆட்டங்கொண்டு ஒரு லீக்கின் தரத்தை முடிவுசெய்தல் பொருந்தாது. அரையிறுதியில் அதே சென்னை சிற்றி கோவா அணியிடம் தோற்றமையும் உண்மை. ஆயினும், ஐ-லீக் தரத்தில் தாழ்ந்தது என்று எவரும் ஆடுகளத்தில் நிறுவியிருக்கவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

நிறுவப்படாத அத்தாழ்வு ஏட்டில் எழுதப்பட்டது. 2019 ஒக்ரோபரில் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி சுப்பர் லீக் நாட்டின் முதல் லீக்காயிற்று. ஐ-லீக் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. அங்கிருந்து மேலேறும் வழி 2022–23ஆம் பருவம் முடியும்வரை திறக்கப்படவில்லை. சுப்பர் லீக் பெரும் முதலீட்டையும் தொலைக்காட்சிப் பார்வையாளரையும் கொணர்ந்தது என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், முதலீட்டின் நன்மையை ஏற்பதற்காக வென்றோரின் உரிமையைப் பறிக்க வேண்டிய தேவை யாது என்னும் வினாவுக்கு அவ்வாதத்தில் விடையில்லை.

2020 ஜனவரியில் ஆசியச் சம்பியன் லீக்கின் தகுதிச் சுற்றிற் பஹ்ரைனின் ரிஃபா கழகத்திடம் சென்னை சிற்றி ஒரு கோலினால் தோற்றது. 2021–22ஆம் பருவத்தில் அக்கழகம் ஐ-லீக்கிலேயே இல்லை. பின்னர்க் கதவு திறந்தது: 2023இற் பஞ்சாப் கழகமும், 2024இல் முகமதன் கழகமும் ஐ-லீக்கை வென்று மேலேறின. அக்கதவு திறந்தபோது 2019இன் சம்பியன் வாசலில் இல்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, அதனை முழுமையாக மீளப்பெற 2003ஆம் ஆண்டுவரை காத்திருந்த ஒரு சமூகத்தின் இழப்போடு விளையாட்டின் இழப்பை ஒப்பிடுதல் தகாது. எனினும், உழைப்பால் ஈட்டிய இடத்தை எழுத்தால் மாற்றலாம் என்பதை ஹல்துமுல்லையின் தேயிலைச் சரிவுகளில் வாழ்ந்தோர் நன்கறிவர். பிந்திக் கிடைக்கும் நீதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் அவர்கள் அறிவர். சென்னை சிற்றியின் வரலாறு அவ்வுண்மைக்கு ஆடுகளம் தரும் ஒரு சிறு சான்றாகும்.