கட்டியங்காரன் வாய்க்குப் பிரதி ஏது?

மணலூர்பேட்டை பக்கம் விடிய விடிய கூத்து பாத்திருக்கீங்களா? கதை மாறாது, துரியோதனன் விழுந்தே ஆகணும். ஆனா கட்டியங்காரன் அந்த ராஜாவையே கிண்டல் பண்ணுவார், ஊர்ச் சங்கதியை அந்த நிமிஷமே சேர்ப்பார்.

1876-ல் ஆங்கிலேய அரசு நாடகங்களைத் தடுக்கச் சட்டம் போட்டது. விஸ்வநாததாஸ் புராண நாடகத்துக்கு நடுவுலயே தேசபக்திப் பாட்டுப் பாடினார், பலமுறை சிறை.

வெள்ளைக்காரன் போனதும் விட்டாங்களா? 1954-ல் நம்ம மாநிலத்துக்கே தனிச் சட்டம்: பிரதியைக் கேட்டு வாங்கி, ஆட்சேபம்னு பட்டா தடுக்கலாம். அந்த நிமிஷம் பிறக்கிற வசனத்துக்கு எந்தப் பிரதியைக் காட்டுறது? (எனக்கு இதுதான் பெரிய வேடிக்கை.)

பரீக்‌ஷா ஞாநி வழக்குப் போட்டார். 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது.